இரண்டு ஜோடி கையுறை, ஒரே கோல் கம்பம்: ஆர்சனல் 2023–24

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. எவர்ட்டன் அரங்கில் லண்டன் காற்பந்துக் குழு ஆர்சனலுக்குப் பிரிமியர் லீக் ஆட்டம். சிங்கப்பூர் நேரப்படி இரவு 11.30. மறுநாள் வேலை நாள் என்பதால் எங்கள் புளோக்கை ஒட்டிய காப்பிக்கடையில் அன்று ஏழு பேர்தான் இருந்தோம். பத்தரை மணிக்கு ஆட்டக்காரர் பட்டியல் கைப்பேசியில் வந்தது. கோல்காப்பாளர் இடத்தில் ஏரன் ரேம்ஸ்டேல் பெயர் இல்லை. டேவிட் ராயா என்று இருந்தது.

"அடிபட்டிருச்சா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் முதலில் தோன்றிய கேள்வி அதுதான். அடி ஒன்றும் இல்லை. மாற்று ஆட்டக்காரர் வரிசையில் ரேம்ஸ்டேல் பெயர் இருந்தது.

மேசையின் அந்தப் பக்கம் எங்கள் ஞாயிறு குழுவின் மூத்த கோல்காப்பாளர். பேருந்து முனையத்தில் மெக்கானிக், வயது 38. தே ஓ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அடிபட்டு உக்காந்தா பரவாயில்லண்ணே. ஒண்ணும் ஆவாம உக்கார வெக்கிறதுதான்…" என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த மாதம் நானும் அவரை உட்கார வைத்திருந்தேன்.

நான் பயிற்றுவிக்கும் குழு ஒன்றும் பெரியதல்ல. சான்றிதழுக்காக எடுத்த வகுப்பும் வார இறுதி ஆர்வமும்தான் என் தகுதி. ஆனாலும் அந்தப் பருவத்தில் லண்டனில் நடந்ததும் ஈசூன் திடலில் நடந்ததும் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்வது போலவே எனக்குத் தெரிந்தன. அதனால் இந்த ஆய்வை அங்கிருந்து தொடங்கி இங்கு வந்து முடிக்கிறேன்.

போட்டியில் இருந்த இருவர்

ரேம்ஸ்டேல் 2021 ஆகஸ்டில் ஷெஃபீல்டு யுனைடெட்டிலிருந்து ஆர்சனலுக்கு வந்தார். விலை 24 மில்லியன் பவுண்டு, நிபந்தனைத் தொகைகளைச் சேர்த்தால் 30 வரை போகும். ரசிகர்கள் அப்போது கேலி செய்தார்கள். அதற்கு முந்திய இரண்டு பருவத்திலும் அவர் காத்த குழு கீழ்நிலை லீக்குக்கு இறங்கியிருந்தது: 2020இல் போர்ன்மத், 2021இல் ஷெஃபீல்டு. இரண்டே மாதத்தில் அந்தக் கேலி நின்றது. அக்டோபர் 30ஆம் தேதி லெஸ்டர் அரங்கில் மேடிசன் அடித்த ஃப்ரீகிக்கை அவர் பறந்து தட்டியதைக் காற்பந்து பார்க்கிறவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 2022–23இல் லீக்கின் 38 ஆட்டங்களிலும் அவரே நின்றார். 14 ஆட்டங்களில் கோல் விடவில்லை. சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த அணியிலும் அவர் பெயர் வந்தது. 2023 மே மாதம் புதிய ஒப்பந்தமும் கிடைத்தது.

அதே பருவத்தின் ஏப்ரல் மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் ரேம்ஸ்டேல் முழுசாகத் தெரிவார். 9ஆம் தேதி லிவர்பூல் அரங்கில், கடைசி நிமிடங்களில் சாலா, கொனாட்டே அடித்ததைத் தடுத்து 2-2 என்ற சமநிலையைக் காப்பாற்றினார். 21ஆம் தேதி சொந்த அரங்கில், பட்டியலின் அடியில் கிடந்த சவுத்ஹேம்டனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாத நிலையில் பந்தை எதிரணியின் அல்கராஸ் காலுக்கே அனுப்பினார். கோல். அந்த ஆட்டம் 3-3. பருவ முடிவில் ஆர்சனல் 84 புள்ளி, மான்செஸ்டர் சிட்டி 89.

ராயா பார்சிலோனாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பிளாக்பர்னுக்கு வந்து, லீக்குக்கு வெளியே இருந்த சவுத்போர்ட்டுக்கு இரவல் போய்ச் சேற்றில் விழுந்து எழுந்தவர். பிறகு பிரென்ட்ஃபர்ட். உயரம் 183 செ.மீ., இந்த வேலைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தலைக்கு மேலே வரும் கிராஸ்களுக்குக் கம்பத்தைவிட்டு வெளியே வந்து பந்தைப் பிடிப்பதில் கில்லாடி. நீண்ட தூரத்துக்கு அவர் உதைக்கும் பந்து நேராக ஆளின் மார்புக்குப் போகும். 2022–23இல் பிரிமியர் லீக்கிலேயே அதிகப் பந்துகளைத் தடுத்தவர் அவர்தான். பிரென்ட்ஃபர்ட்டில் அவரை உருவாக்கிய கோல்காப்பாளர் பயிற்றுநர் இனாக்கி கானா, 2019 இறுதியிலிருந்து ஆர்சனலில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டு நடுவில், பருவம் தொடங்கிய பிறகு, ராயா இரவலாக வந்தார். இரவல் கட்டணம் 3 மில்லியன். பிறகு 27 மில்லியன் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதில் இருந்தது.

27 மில்லியன் பவுண்டு கொடுத்து யாரும் ஓரமாக உட்கார ஆள் வாங்கமாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள நிதித்துறையில் வேலை பார்க்க வேண்டியதில்லை.

ஆர்டெட்டாவுக்கு இது புதிதல்ல

நிர்வாகி மிக்கெல் ஆர்டெட்டா கோல்காப்பாளரை மாற்றியது அது முதன்முறை அல்ல. 2020 ஜூனில் பிரைட்டன் அரங்கில் அப்போதைய முதல் கோல்காப்பாளர் லெனோவுக்குக் காயம். பத்து ஆண்டுகள் ஓரத்திலும் இரவலிலும் கழித்த எமிலியானோ மார்ட்டினெஸ் உள்ளே வந்து, ஆகஸ்டு முதல் நாள் எஃப்ஏ கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். லெனோ குணமானதும் யார் முதல்வர், அதாவது முதல் தேர்வான கோல்காப்பாளர், என்ற கேள்வி எழுந்தது. பதில் லெனோ. மார்ட்டினெஸ் செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். இரண்டு ஆண்டு கழித்து உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் கடைசி நொடியில் கோலோ முவானியின் பந்தைக் காலால் தடுத்தது யார் என்பது தெரிந்ததே.

பிறகு 2021. லெனோ நின்ற முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி, மூன்றாவது சிட்டியிடம் 0-5. செப்டம்பர் 11 நார்விச் ஆட்டத்தில் ரேம்ஸ்டேல் நின்றார், 1-0 வெற்றி. அதோடு லெனோவின் காலம் முடிந்தது.

ஆக ரேம்ஸ்டேலும் இன்னொருவரின் இடத்தில் உட்கார்ந்தவர்தான். இதைச் சொன்னால் ஆர்சனல் ரசிகர்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லெனோ 2021இல் நின்ற மூன்றும் தோல்வி. ரேம்ஸ்டேல் 2023இல் நின்ற நான்கில் மூன்று வெற்றி, ஒரு சமநிலை. நான்காவது ஆட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என்று வீழ்த்தியது. வெற்றியிலிருந்து நேராக ஓரத்துக்கு அனுப்பப்படுவது வேறு வகை வலி. தோற்றவனுக்குக் காரணமாவது கையில் இருக்கும்.

சொன்னதும் செய்ததும்

எவர்ட்டன் ஆட்டத்தை ஆர்சனல் 1-0 என்று வென்றது. கோல் டிரோசார்டுடையது. ராயாவுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு ஆர்டெட்டா தந்த விளக்கம் வியப்பாக இருந்தது. மற்ற இடங்களில் போட்டி இருப்பது போல இங்கும் இருக்கட்டும் என்றார். முன்பு சில ஆட்டங்களில் 60ஆவது, 85ஆவது நிமிடத்தில் கோல்காப்பாளரை மாற்றலாமா என்று தோன்றியும் துணிச்சல் வரவில்லை என்றும், அதற்காக வருந்துவதாகவும், ஒருநாள் செய்தே தீருவேன் என்றும் சொன்னார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பருவத்தில் ஒருமுறைகூட அப்படி ஒரு மாற்றம் நடக்கவில்லை. லீக்கில் ராயா 32 ஆட்டம், ரேம்ஸ்டேல் 6. அந்த ஆறில் நான்கு செப்டம்பர் 17க்கு முந்தியவை. மிச்ச இரண்டும் பிரென்ட்ஃபர்ட்டுக்கு எதிரானவை. இரவல் கொடுத்த குழுவை எதிர்த்து இரவல் ஆட்டக்காரர் ஆடக்கூடாது என்ற விதி இல்லாவிட்டால் அந்த இரண்டும் கிடைத்திருக்காது.

எனவே, அங்கே போட்டி என்று எதுவும் இருக்கவில்லை. முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பெயர் மட்டும் போட்டி. முடிவு சரியா தவறா என்று நம்மூர்க் காப்பிக்கடைகளில் பல இரவுகள் சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் அப்போதும் ஆர்வமில்லை, இப்போதும் இல்லை. என் கணக்கில் முடிவு சரி. தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துகிற குழுவுக்கு, பின்னால் வெட்டவெளியைக் காக்க முன்வந்து நிற்பவர் தேவை. ராயா அப்படிப்பட்டவர். நான் உற்றுப் பார்ப்பது, அந்த முடிவு சரிதான் என்று பிறகு காட்டப்பட்ட சாட்சிகளை.

105 நாள்

நவம்பர் 25, பிரென்ட்ஃபர்ட் அரங்கம். நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30. லீக்கில் ரேம்ஸ்டேல் 83 நாளுக்குப் பிறகு நிற்கிறார். முதல் கால் மணி நேரத்துக்குள் காலில் பந்தை வைத்துத் தயங்கினார். எதிரணி பாய்ந்து பறித்தது. காலியான கம்பத்தை நோக்கிப் போன பந்தைக் கோட்டில் நின்று தடுத்தது டெக்லன் ரைஸ். 89ஆவது நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் கோல், 1-0. வெற்றிதான். ஆனால் மறுநாள் எல்லாரும் பேசியது அந்தத் தயக்கத்தைப் பற்றி.

அடுத்த லீக் ஆட்டம் 2024 மார்ச் 9, மறுபடி பிரென்ட்ஃபர்ட், இம்முறை சொந்த அரங்கம். இடையில் 105 நாள். டிசம்பரில் ஒரு சாம்பியன்ஸ் லீக் ஆட்டமும் ஜனவரி 7ஆம் தேதி லிவர்பூலிடம் தோற்ற எஃப்ஏ கிண்ண ஆட்டமும் கிடைத்தன. அதற்குப் பிறகு 62 நாள் ஒன்றுமில்லை. ரைஸின் கோலால் ஆர்சனல் முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன், பின்னால் தள்ளப்பட்ட பந்தை ரேம்ஸ்டேல் உதைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தார். பிரென்ட்ஃபர்ட்டின் விஸ்ஸா காலை நீட்டினார். பந்து அதில் பட்டு வலைக்குள். 1-1. இரண்டாம் பாதியில் ரேம்ஸ்டேல் நன்றாகவே தடுத்தார். 86ஆவது நிமிடத்தில் மறுபடி ஹாவெர்ட்ஸ். 2-1.

"பாத்தியா, அதான் தூக்கினான்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் மட்டுமல்ல, இங்கிலாந்துப் பத்திரிகைகளும் சுற்றி வளைத்து அதையே எழுதின.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோல்காப்பாளரின் பிழை பெரும்பாலும் கையில் நடப்பதில்லை. நேரத்தைக் கணிப்பதில் நடக்கிறது. எதிரணியின் தாக்குதல்காரர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார், அவர் வந்து சேர எத்தனை நொடி ஆகும், இன்னொரு முறை பந்தைத் தொட நேரம் இருக்கிறதா என்பதெல்லாம் யோசித்து எடுக்கும் முடிவல்ல, உடம்பு எடுக்கும் முடிவு. வாராவாரம் ஆடும்போது அந்தக் கடிகாரம் சரியாக ஓடும். பயிற்சித் திடலில் அது மெல்ல மெல்லப் பின்தங்கும். பயிற்சியில் சொந்தக் குழுவின் தாக்குதல்காரர் தன் கோல்காப்பாளரின் காலை உடைக்கிற வேகத்தில் பாயமாட்டார். விஸ்ஸா பாய்வார். இரண்டு பிழையும் ஒரே வகையைச் சேர்ந்தவை: காலில் பந்து, அரை நொடி தாமதம். உயரப் பந்தைத் தவறவிட்டோ தடுக்க வேண்டியதை நழுவவிட்டோ அவர் மாட்டிக்கொள்ளவில்லை.

2023 ஏப்ரலில் வாராவாரம் ஆடும்போதே சவுத்ஹேம்டனிடம் இப்படி ஒரு பிழை செய்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குணம் அவரிடம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் 21இல் பிழை செய்தவருக்கு அடுத்த ஆட்டம் ஐந்து நாளில் வந்தது. நவம்பர் 25இல் பிழை செய்தவருக்கு அடுத்த லீக் ஆட்டம் 105 நாளில் வந்தது.

இப்போது ராயாவின் இலையுதிர் காலத்தைப் பார்க்கலாம். அக்டோபர் 3, பிரான்சின் லான்ஸ் அரங்கில் பந்தை நேராக எதிரணிக்கே கொடுத்துச் சமநிலை கோலுக்கு வழிவிட்டார், அந்த ஆட்டம் 1-2 தோல்வி. அக்டோபர் 21, செல்சி அரங்கில் முட்ரிக் அனுப்பிய பந்து அவர் தலைக்கு மேலே மிதந்து உள்ளே போனது. டிசம்பர் 5, லூட்டன் அரங்கில் இரண்டு கோல்களில் அவர் பங்கு உண்டு. 97ஆவது நிமிடத்தில் ரைஸ் தலையால் முட்டியிருக்காவிட்டால் அந்த ஆட்டம் 4-3 வெற்றியாக முடிந்திருக்காது. மூன்று மாதத்தில் இத்தனை. எண்ணிக்கையில் ரேம்ஸ்டேலைவிட அதிகமே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேலே நாலைந்து நாளில் இன்னொரு ஆட்டம் மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டது. ரேம்ஸ்டேலின் பிழையை மூட ஆட்டமே இல்லை. அது மூன்றரை மாதம் திறந்தே கிடந்தது. திறந்து கிடந்ததால் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருவரை உட்கார வைத்தால் அவர் துருப்பிடிப்பார். பிறகு அந்தத் துருவைக் காட்டி, உட்கார வைத்தது சரிதான் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இந்த ஆய்வில் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

மார்ச் 13, புதன் அதிகாலை 4 மணி. நோன்பு தொடங்கி இரண்டாம் நாள். மாமாக் கடையில் சஹர் சாப்பிட வந்தவர்களும் போர்ட்டோ ஆட்டம் பார்க்க வந்தவர்களும் ஒரே மேசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பரோட்டாக் கல் ஓயவில்லை. சுபுஹு நேரமாகி அவர்கள் எழுந்து போன பிறகும் ஆட்டம் முடியவில்லை. கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. ராயா இரண்டைத் தடுத்தார். 4-2. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஆர்சனல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குப் போனது. எங்கள் மேசையில் விவாதம் அன்றோடு முடிந்தது. வேலைக்குப் போக எம்ஆர்டி ஏறினவர்கள் எல்லாம் ராயா ரசிகர்கள்.

பருவ முடிவில் 16 ஆட்டங்களில் கோல் விடாமல் ராயாவுக்குத் தங்கக் கையுறை விருது. முந்திய பருவம் 43 கோல் விட்ட ஆர்சனல் இந்த முறை விட்டது 29. ஆனால் அந்த 14 கோல் வித்தியாசத்தை முழுக்க ராயா கணக்கில் எழுதுபவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. 2023 மார்ச்சில் காயம்பட்டுப் போன சலிபா 2023–24இல் லீக்கின் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடினார். நடுவில் ரைஸ் வந்திருந்தார். முன்னால் இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு வாசல் காவலாளியை மட்டும் பாராட்ட முடியாது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

2014இல் செல்சி. மூன்று ஆண்டு அட்லெட்டிகோ மட்ரிட்டில் இரவலில் இருந்த குர்ட்வா திரும்பி வந்தார். பத்து ஆண்டு அந்தக் கம்பத்தைக் காத்த பெட்ர் செக் உள்ளே இருக்கிறார். நிர்வாகி மொரின்யோ முதல் லீக் ஆட்டத்திலேயே குர்ட்வாவைக் கம்பத்தில் நிறுத்தினார், ஊருக்கே தெரிந்தது. 2015 மார்ச்சில் லீக் கிண்ண இறுதியாட்டத்தைச் செக்குக்குக் கொடுத்தார், கிண்ணம் கிடைத்தது. அந்தக் கோடையில் செக்கை ஆர்சனலுக்கு விற்றார்கள். கடுமையான முடிவு. ஆனால் யார் எங்கே நிற்கிறார் என்பதில் ஒருநாள்கூட மயக்கம் இல்லை.

ரியால் மட்ரிட்டில் அன்செலோட்டி, 2013–14: லீக்கில் டியேகோ லோபெஸ், கிண்ணப் போட்டிகளிலும் சாம்பியன்ஸ் லீக்கிலும் காசியாஸ். லிஸ்பன் இறுதியாட்டத்தில் காசியாஸ் வெளியே வந்து பந்தைத் தவறவிட, கோடின் தலையால் முட்டி கோல். 93ஆவது நிமிடத்தில் ராமோஸ் சமன் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பங்கீட்டுக்கு வரலாற்றில் வேறு பெயர் இருந்திருக்கும். பார்சிலோனா மறு ஆண்டே அதே வழியில் போய், லீக்கில் பிராவோ, மற்ற இரண்டில் டெர் ஸ்டேகன் என்று மூன்று கிண்ணமும் வாங்கியது. இந்தப் பங்கீடு ஓரளவு வேலை செய்ததற்குக் காரணம், இரண்டு பேருக்கும் தன் நாள் எது என்று முன்கூட்டியே தெரியும். உடம்பை அந்த நாளுக்குத் தயார் செய்யலாம்.

பாரிஸ் குழுவான பிஎஸ்ஜி 2021–22இல் டொன்னருமாவையும் நவாஸையும் மாற்றி மாற்றி நிறுத்தியது. 2022 மார்ச் 9 (பாருங்கள், அதே மார்ச் 9), ரியால் மட்ரிட்டின் பெர்னபு அரங்கில் டொன்னருமா காலில் பந்தை வைத்திருக்க, பென்சிமா பாய, அங்கிருந்து எல்லாம் சரிந்தது. 1-3. அடுத்த பருவத் தொடக்கத்திலேயே புதிய நிர்வாகி டொன்னருமாதான் முதல்வர் என்று அறிவித்தார்.

ஆர்சனல் இதில் எந்த வழியிலும் போகவில்லை. செல்சி போல முதல் நாளே சொல்லவில்லை, மட்ரிட் போலப் பங்கு பிரிக்கவுமில்லை. மே மாதம் ஒப்பந்தம் கொடுத்து, ஆகஸ்டில் இன்னொருவரை அழைத்து, செப்டம்பரில் மாற்றி, போட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்டிலேயே ரேம்ஸ்டேலிடம் பேசி அப்போதே விற்றிருக்கலாம். ஆண்டின் சிறந்த அணியில் இடம்பெற்ற சூடு ஆறாத நேரம் அது. ஓராண்டு உட்கார வைத்துவிட்டு 2024 ஆகஸ்டில் சவுத்ஹேம்டனுக்கு 18 மில்லியனுக்கு விற்றார்கள், கூடுதல் தொகைகளோடு 25. அதற்குப் பிறகு ராயாவுக்குத் துணையாக ஆர்சனல் அழைத்த நெட்டோவையோ கெப்பாவையோ யாரும் அவருக்குச் சமமான போட்டி என்று பேசவில்லை. சொல்லாமலே பாடம் படித்திருக்கிறார்கள்.

ஈசூன் திடல்

என் கதை சின்னது. தேசிய சேவை முடித்த 22 வயதுத் தம்பி ஒருவர் ஜூலையில் எங்களிடம் வந்தார். கால் வேகம், பந்தைக் காலில் எடுத்து விளையாடும் தைரியம், எல்லாம் இருந்தது. செப்டம்பரில் மூத்தவருக்குப் பதிலாக அவரைக் கம்பத்தில் நிறுத்தினேன். எப்படிச் சொன்னேன் என்றால், சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டேன், அவ்வளவுதான். மூத்தவர் தனியாகக் கேட்டபோது, "ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்" என்றேன். ஆர்டெட்டாவைக் குறை சொல்லும்போதெல்லாம் இந்த வாக்கியம் எனக்கு நினைவு வரும்.

நவம்பரில் தம்பிக்கு விரல் பிசகியது. மூத்தவர் ஏழு வாரத்துக்குப் பிறகு நின்றார். முதல் கார்னரிலேயே வெளியே வந்து, பந்துக்கும் கைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டார். கோல். "வயசாயிருச்சுப்பா" என்று பக்கவாட்டில் யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று இரவு பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. செப்டம்பரிலிருந்து முதல் தற்காப்பு வரிசை முழுக்கத் தம்பியோடுதான் பயிற்சி செய்திருக்கிறது. மூத்தவரை அந்தப் பக்கக் கம்பத்தில் நிறுத்தி, ஆட்கள் வரிசையாக வந்து பந்து உதைத்திருக்கிறார்கள். ஏழு வாரம் ஒரு கார்னர்கூட நெரிசலுக்குள் அவருக்கு வரவில்லை. எதிரணியின் முழங்கை விலாவில் படாமல் யாரும் கார்னர் பழக முடியாது. அந்த ஒரு சாணை அளந்து கொடுத்தது நான்.

பிறகு சிலவற்றை மாற்றினேன். பயிற்சியில் பாதி நேரம் முதல் வரிசை மூத்தவரோடு. மாதத்தில் அவருக்கு எந்த ஆட்டம் என்பது மாதத் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். அவரிடமும் தம்பியிடமும் நேரில் சொன்னேன், தம்பிதான் முதல்வர் என்று. மூத்தவர் கேட்டுக்கொண்டு, "இத செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்ணே" என்றார். வருத்தம் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பயிற்சிக்கு இப்போதும் ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறார், முன்பு முதல் ஆளாக வருவார்.

நம் தேசியக் குழுவையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். 2015 ஜூனில் சைத்தாமாவில் இஸ்வான் மஹ்புத் 18 பந்துகளைத் தடுத்து ஜப்பானை 0-0 என்று நிறுத்திய இரவில், இனி பல ஆண்டுகளுக்கு வேறு பேச்சே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒன்பது ஆண்டு கழித்து பேங்காக்கில் தாய்லாந்துக்கு எதிராக நின்றது நாற்பது வயது ஹசான் சன்னி. 11 தடுப்பு. நாம் 1-3 என்று தோற்றாலும், தாய்லாந்துக்குத் தேவைப்பட்ட கோல் வித்தியாசம் கிடைக்காததால் உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் சீனா அடுத்த சுற்றுக்குப் போனது, சீன ரசிகர்கள் அவருடைய தெம்பனிஸ் நாசி லெமாக் கடைக்குப் பணம் அனுப்பித் திணறடித்தார்கள். கோல்காப்பாளர் வரிசையில் முன்னே பின்னே என்பது ஒரு வழிப் பாதை இல்லை. இதை மூத்தவரிடம் சொன்னேன். "அவருக்குக் கடை இருக்குண்ணே, எனக்கு டிப்போதான்" என்று சிரித்தார்.

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு 10 மணி. ஆர்சனல் அரங்கில் சவுத்ஹேம்டன். ஒரு கம்பத்தில் ராயா, எதிர்க் கம்பத்தில் ரேம்ஸ்டேல். காப்பிக்கடையில் இம்முறை எங்கள் இரண்டு கோல்காப்பாளர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்ச்சர் கோலில் சவுத்ஹேம்டன் முந்தியது. பிறகு ஹாவெர்ட்ஸ், மார்ட்டினெலி, சாக்கா என்று 3-1. கடை முழுக்கக் கூச்சல். இவர்கள் இரண்டு பேர் மட்டும் கோலைப் பார்க்கவில்லை, திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி தேடுறீங்க?" என்றேன்.

தம்பி பதில் சொல்வதற்குள் மூத்தவர் சொன்னார்: "பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது ராயா எங்க நிக்கிறான்னு பாக்கணும்ணே. காட்டவே மாட்டேங்கறானுங்க."